டயரில் காற்றைப் பிடுங்கிய மைத்துனர்

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மைத்துனர், சென்னை ரயிலுக்கு என்னைத் தென்காசியில் கொண்டுவிடக் குற்றாலத்திலிருந்து காரில் கிளம்பினார். சாலையில் சீசன் நெரிசல். மேலகரம் அருகே வயல்பாதையில் வண்டியைத் திருப்பினார்.

"பாலைவனத்துலயே ஓட்டுதேன். பேசாம வாங்க அத்தான்."

வண்டி வழுக்கி வயலுக்குள் இறங்கியது.

உடனே நான்கு டயரிலும் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டார். மணலில் சிக்கினால் அப்படித்தான் செய்வார்களாம். வண்டி இன்னும் ஒரு சாண் அமிழ்ந்தது.

வயல்காரர் டிராக்டரோடு வந்தார்.

"தம்பி, இது மணலா? நேத்துதான உழுது சேறாக்கிப் போட்டிருக்கேன்! வண்டிய இழுத்துருவேன். காத்துக்கு எங்க போவிய?"

வயலில் நின்றபடியே என் ரயில் போகும் சத்தத்தைக் கேட்டேன்.

நாளை சென்னைக்கே காரில் கொண்டுவிடுகிறாராம். அதற்குமுன் கிளம்பும் பேருந்து எதுவானாலும் சொல்லுங்கள். நின்றுகொண்டே வருகிறேன்.