அண்ணன் நம்பிய மொட்டை மரம்

பங்குனி வெயிலில் அண்ணன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வீட்டுக்கு வெளியே வந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. பார்க்குக்கு அழைத்துப் போவோம், அங்குள்ள மரங்களுக்கெல்லாம் பெயர் கண்டுபிடிப்போம்!

சுரங்கத்தில் பாறை சரிந்து, ஒரு பகல் முழுவதும் இருட்டில் அடைபட்டு மீண்டவர் அவர். அதன்பின் கூரைக்குக் கீழே இருந்தாலே மூச்சு முட்டியது.

குடியாத்தம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். தந்தையை இளமையிலேயே இழந்து தங்கவயல் வந்து, பாறை விழாமல் மரத்தால் முட்டுக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். அந்தக் கூலியில்தான் நான் மிஷன் பள்ளியில் படித்தேன். இலையைப் பார்த்து மரத்தைச் சொல்லக் கற்றேன்.

பார்க்கில் நான் “புங்கன்! வேம்பு!” என்று ஓடினேன். அண்ணனோ ஒவ்வொரு மரத்தையும் விரல் முட்டியால் தட்டிக் காது வைத்தார். சுரங்கத்தில் காய்ந்த முட்டுமரம் கணீரென்றால் நம்பலாம். மந்தமாகக் கேட்டால் உளுத்தது. ஈரம் ஓடும் பச்சை மரமெல்லாம் அவருக்கு மந்தமாகவே கேட்டது.

“எல்லாம் பொத்தல்டா தம்பி. கீழே குந்தாதே.”

“உசுரோட இருக்கிற மரம் அப்டித்தாண்ணா கேக்கும்.”

“எலையெப் பாத்துப் பேரு சொல்றியே, தாங்குமா தாங்காதான்னு சொல்லு பாக்கலாம்!”

ஊரே நிழல் தேடும் வெயிலில், இலையே இல்லாத ஒரு மொட்டை மரத்தடியில் மட்டும் உட்கார்ந்தார். வாள்போல் நீண்ட கறுத்த காய்கள் அதில் தொங்கின. இலை இல்லாததால் எனக்குப் பெயர் தெரியவில்லை. தோட்டக்காரரும், “சீமையிலேர்ந்து வந்ததுங்க” என்பதோடு நிறுத்திக்கொண்டார். காய்ந்த மரமென்று நினைத்தோ, தலைக்குமேல் வானம் தெரிந்ததாலோ என்னவோ, “இது தாங்கும்” என்று அண்ணன் முதுகைச் சாய்த்துத் தூங்கினார்.

சுரங்க மேஸ்திரி அங்கேயே வந்துவிட்டார். “இன்னாப்பா, பார்க்குக்கே முட்டு குடுக்கிறியா? எப்போ எறங்கப் போறே?”

“தோ வரேங்க” என்றார் அண்ணன்.

“வேணாண்ணா” என்றேன்.

“வேற எங்கடா போறது?”

சித்திரையில் மறுபடியும் சுரங்கத்தில் இறங்கினார். ஆட்களை இறக்கும் கூண்டு கீழே போகும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வதாக அண்ணியாரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். சில வாரங்களில் காய்ச்சல் கண்டது. வாசலில் கட்டிலில் கிடந்தபடி, “அந்த மரத்துக்குப் பேரு கெடச்சுதா?” என்று கேட்டார். நாங்கள் அவரை உள்ளே கொண்டுபோகவில்லை. வானத்துக்குக் கீழேயே உயிர் பிரிந்தது.

கருமாதி முடிந்து போய்ப் பார்த்தேன். மொட்டை மரம் இலை விட்டு, முழுக்கச் சிவப்பாய்ப் பூத்து நின்றது. காய்ந்ததென்று அண்ணன் நம்பியதும் பச்சை மரம்தான்.

ஓராண்டாகிறது. தோள் கொடுத்த ஷிப்ட் தோழர்களுக்கும், கஞ்சி சுமந்து வந்த மாரிகுப்பம் உறவினர்களுக்கும், இரவும் பகலும் உடனிருந்த அண்ணியாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இந்தக் கோடையில் அந்தக் காய்களைப் பொறுக்கி வந்திருக்கிறேன். ஒன்றைப் பெங்களூரில் விவரம் தெரிந்தவர்களிடம் காட்டிப் பெயர் கேட்க வேண்டும். விதைகள் கல்லாக இருக்கின்றன. முன்பு போட்டவை முளைக்கவில்லை. நாளை வெந்நீரில் ஊறவைத்து, அண்ணனை அடக்கம் செய்த இடத்தில் ஊன்றிப் பார்க்கப் போகிறேன்.