சாவியக்காவும் துடைப்ப அறை அம்மாவும்

எங்கள் ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில் பிரசவ வார்டும், குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கும் கண்ணாடி அறையும் இருக்கின்றன. லிஃப்டை விட்டு இறங்கியதும் இடது பக்கம் மருந்துக் கவுண்டர். அதன் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் நான் உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. அந்த ஜன்னல் வழியாக நான் அதிகமாகப் பார்த்த முகம் சாவியக்காவுடையது.

துப்புரவு வேலைதான் அவருக்கு. ஆனால் அந்த மாடியின் பதினான்கு அறைச் சாவிகளும் அவர் இடுப்பில் தொங்கும். முதலில் சத்தம் வரும், பிறகு அக்கா வருவார். ஈரத்தரையில் மிதிப்பவர் யாராக இருந்தாலும் விட மாட்டார். "டாக்டருக்கு அவ்ளோ படிச்சீங்க, வழுக்கும்னு போர்டு வச்சிருக்கேனே, அதைப் படிக்க மாட்டீங்களா?" என்பார். டாக்டர் அசட்டுச் சிரிப்போடு சுவர் ஓரமாக நடந்து போவார்.

அக்காவின் கல்யாணமே இந்த ஆஸ்பத்திரியில் முடிவானதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் லிஃப்டில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உள்ளே இருந்தாராம். பழுது பார்க்க வந்த ஆள் வெளியே நின்று ஓயாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். "கதவு திறந்து மூஞ்சியைப் பாக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்" என்று அக்கா சொல்வார். அவர் பிறந்தது கோயிலுக்குப் போகும் குடும்பம். மாப்பிள்ளை வீடு ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் குடும்பம். ஒரு வருஷம் சண்டை. கடைசியில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. "எங்கம்மா ஒரு சாமிகிட்ட அழுதாங்க, மாமியார் இன்னொரு சாமிகிட்ட அழுதாங்க. ஆனா ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்துதான் அழுதாங்க."

அதனாலோ என்னவோ, மாடியின் கோடியில் இருக்கும் பொது வழிபாட்டு அறை அக்காவின் பொறுப்புக்கு வந்தது. வெள்ளைச் சுவர், ஆறு நாற்காலி, மூலையில் சுருட்டி வைத்த பாய்கள். படம், உருவம், விளக்கு, மெழுகுவத்தி எதுவும் கூடாது என்று வாசலில் பலகை. தொழுகைக்கு எந்தத் திசை என்று புதிதாக வருபவர்கள் தடுமாறக் கூடாதென்று சுவரின் அடியில் சின்னதாக ஓர் அம்புக்குறி ஒட்டியிருந்தார் அக்கா. யார் எந்த நேரம் வருவார்கள், யாருக்கு நாற்காலி வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அப்போதுதான் அந்தச் செங்கல்காரி வந்து சேர்ந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். சூளையில் கல் அறுக்கும் வேலை. ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்து கண்ணாடி அறையில் இருந்தது. புருஷன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். மற்ற ஆறு நாளும் அவள் கண்ணாடிக்கு எதிரே இருந்த பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் கீழே போனவள் இரண்டு கையாலும் ஒரு களிமண் உருண்டையை ஏந்திக்கொண்டு வந்தாள். படி நெடுகச் சேறு. நாங்கள் எல்லோரும் அக்கா என்ன செய்யப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

"எதுக்கும்மா இது?" என்றார் அக்கா.

"கை சும்மா இருந்தா பைத்தியம் பிடிக்கற மாதிரி இருக்குக்கா."

அக்கா உள்ளே போய்ப் பழைய செய்தித்தாளைக் கொண்டுவந்து அவள் காலடியில் விரித்தார். பிறகு படியைத் துடைக்கப் போனார்.

ஒரு வாரத்தில் அந்த மண் ஒரு பெண்ணாகியிருந்தது. ஒரு சாண் உயரம். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கை மடியில். இன்னொரு கை பக்கத்தில் நீண்டு, 'வா, இங்கே உட்கார்' என்று தரையைத் தட்டிக் காட்டுவது போல இருந்தது. முகத்தில் லேசாகக் கிள்ளிவிட்ட மூக்கு மட்டும். கண் இல்லை, வாய் இல்லை. செங்கல்காரி அவளைத் தன் பக்கத்தில் பெஞ்சிலேயே வைத்துக்கொண்டாள். சாப்பிடும்போது ரொட்டியில் ஒரு துண்டைக் கிள்ளி முன்னால் வைத்துவிட்டு, பிறகு தானே எடுத்துத் தின்பாள்.

முப்பத்தெட்டாம் நாள் குழந்தை இறந்துபோனது.

புருஷன் வந்து, காகிதங்களில் கைநாட்டு வைத்து, எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவள் வழிபாட்டு அறைக்குப் போய் ஜன்னல் திட்டில் அந்த மண் பெண்ணை வைத்தாள். அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"நான் கேட்டது கிடைக்கலக்கா. அதுக்கு இவ என்ன பண்ணுவா? இத்தனை நாளும் எனக்குத் துணைக்கு இருந்தா. இங்கயே இருக்கட்டும். வேற யாருக்காவது துணை வேணும்ல?"

அக்கா வாசல் பலகையைத் தினமும் துடைப்பவர். அன்றைக்கு அதன் பக்கம் திரும்பவே இல்லை.

பெண்கள் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் சொன்னதாகத் தெரியவில்லை. மாதா என்றார்கள் சிலர். அம்மன் என்றார்கள் சிலர். இரட்டைக் குழந்தைகளைக் கண்ணாடி அறையில் வைத்துவிட்டு வந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர் மட்டும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, நாங்க உருவத்தை வணங்க மாட்டோம். நான் என் பாட்டுக்கு ஓதிட்டுப் போயிடறேன். தொழற நேரத்துல மட்டும் இதை மறைச்சு வைக்க முடியுமா?"

"அதுக்கென்ன கண்ணு" என்று அக்கா சலவை செய்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தினார். அதன்பின் தொழுகை நேரம் வந்தால் துண்டு, முடிந்தால் எடுத்துவிடுவது என்று வழக்கமாகிவிட்டது. "முடிஞ்சுதும்மா, எழுந்துக்கோ" என்று மண் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே துண்டை மடிப்பார். அதைக் கேட்டு டீச்சர் பாயைச் சுருட்டியபடி சிரித்ததை நானே பார்த்தேன். பிறகு அவரும் திட்டுக்கு அருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் காலையில் யாரோ நெற்றியில் பொட்டு வைத்துவிட்டார்கள். மத்தியானம் வேறு யாரோ அதை அழித்துவிட்டுக் கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டார்கள். சாயங்காலம் அக்கா அறைக்குள் நின்று சத்தம் போட்டார். "இவ மூஞ்சியில யாரும் எதுவும் எழுதக் கூடாது. பெத்தவளே எழுதாம விட்டிருக்கா, நீங்க யாரு எழுதறதுக்கு?"

அந்த அறைக்கு ஓர் ஆலோசனைக் குழு உண்டு. கோயில் தரப்பில் ஒரு பெரியவர், சர்ச் தரப்பில் ஒருவர், மசூதி தரப்பில் ஒருவர். மூவரும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் எட்டு வருஷமாக நாற்காலியின் நிறத்தில்கூட ஒத்துப்போனதில்லை. மண் பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டதும் முதல் தடவையாக மூவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். முறைப்படி நிறுவாத உருவத்தை எப்படிக் கும்பிடுவது என்றார் ஒருவர். எல்லோரும் தொழும் இடத்தில் உருவமே கூடாது என்றார் இன்னொருவர். இன்றைக்கு ஒன்றை அனுமதித்தால் நாளைக்கு அறை நிறைந்துவிடும் என்றார் மூன்றாமவர். மூன்றும் நியாயம்தான்.

தாளை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளர் வந்தார். மூக்கால் மூச்சு விடும்போது கீச்சென்று சத்தம் வருவதால் அவருக்கு விசில் என்று பெயர்.

"இதைத் தூக்கிக் குப்பையில போடு."

"குப்பையிலன்னு எழுதியிருக்கா சார்?"

விசில் படித்துப் பார்த்தார். "அகற்றவும்னு போட்டிருக்கு."

"அப்ப அகற்றிடறேன்" என்று அக்கா அவளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் என் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அண்ணே, துடைப்பம் வைக்கிற ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். பதினோரு வருஷத்தில் அந்த அறைக்கு யாரும் என்னிடம் வழி கேட்டதில்லை. சொன்னேன். பத்து நிமிஷத்தில் இன்னொருத்தி வந்தாள். அதற்குப் பிறகு ஒரு பாட்டியம்மாள், கையில் சலைன் ஊசியோடு. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஆறடிக்கு நாலடி அறை. ஃபினாயில் நெடி கண்ணைக் கரிக்கும். துடைப்பங்கள், மாப்புகள், பிளீச்சிங் பவுடர் டப்பாக்கள். நடுத்தட்டில், கையுறைப் பெட்டிகளுக்கு இடையில், மண் பெண். உட்கார ஒரே ஒரு வாளி, கவிழ்த்துப் போட்டது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும். மற்றவர்கள் வராந்தாவில் வரிசையில் நிற்பார்கள். தொழுகையை வழிபாட்டு அறையில் முடித்துவிட்டு டீச்சரும் வந்து வரிசையில் நிற்பார். உள்ளே போனவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வருவார்கள். "ஃபினாயில் கண்ணுல பட்டுடுச்சு" என்பார்கள். சரி, பட்டிருக்கும் என்று நாங்களும் தலையாட்டுவோம்.

விசில் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கே அக்காவைக் கீழ்த்தளச் சலவைப் பிரிவுக்கு மாற்றி, சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார். துடைப்ப அறைக்குப் பூட்டு. கொத்து இல்லாத இடுப்போடு அக்கா லிஃப்டுக்கு நடந்தபோது சத்தமே கேட்கவில்லை. போனது தெரியாமலே போய்விட்டார்.

மூன்று வாரம் அவர் படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தார். மேலே பெண்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். கடைசியில் டீச்சர்தான் நேராகப் பெரிய டாக்டரம்மாவிடம் போனார். ஆஸ்பத்திரிக்கே தலைவியான அவருக்கு விஷயம் எதுவும் தெரிந்திருக்கவில்லை. அக்காவை வரச் சொன்னார். அங்கே பேசியதை அக்கா பிறகு என்னிடம் சொன்னார்.

"அது என்ன சாமி?" என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார்.

"எனக்குத் தெரியாதும்மா. செஞ்சவளும் சொல்லல."

"தெரியாத ஒண்ணுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அதற்கு அக்கா சொல்லியிருக்கிறார். "என் மூத்தது இதே மாடியிலதாம்மா பொறந்துச்சு. பொறந்து ரெண்டு நாள்தான் இருந்துச்சு. எனக்கு அழறதுக்கு ஒரு இடம் இல்ல. வார்டுல அழுதா மத்த பொண்ணுங்க பயந்துடுவாங்க. வராந்தாவுல உக்காந்தா வாட்ச்மேன் எழுப்பிடுவாரு. அப்ப அந்த வழிபாட்டு ரூமெல்லாம் கிடையாது. துடைப்ப ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு, வாளியைக் கவுத்துப் போட்டு அது மேலதான் உக்காந்து அழுதேன். அன்னிக்கு என் பக்கத்துல யாரும் இல்லம்மா."

இப்போதிருக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு குழந்தை இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பதினோரு வருஷம் பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு டாக்டரம்மா பூட்டைத் திறக்கச் சொன்னார். குழுவின் மூன்று பெரியவர்களையும் வரவழைத்தார். கூட்ட அறையில் உட்கார வைப்பார் என்று பார்த்தால், நேராக நான்காவது மாடிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கதவு திறந்த செய்தி எப்படிப் பரவியதோ, ஏழு பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். ஐந்தாவதாக நின்றவரைப் பார்த்ததும் கோயில் பெரியவருக்கு முகம் வெளுத்துப்போனது. அவருடைய மனைவி. மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள்.

"நீ இங்க என்ன பண்றே?"

"பாத்தா தெரியலையா, வரிசையில நிக்கிறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, புதுசா வர்றவங்க நீங்களும் வரிசைன்னு நினைச்சுக்கப் போறாங்க."

மற்ற இரண்டு பெரியவர்களும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். மசூதிப் பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். வாளி, துடைப்பம், வாளியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண். அவர் சத்தமில்லாமல் கதவைப் பாதி சாத்திவிட்டுத் திரும்பினார். "வழிபாட்டு ரூமுல எந்த உருவமும் வேணாம். நான் அதைத்தான் சொன்னேன். துடைப்ப ரூமைப் பத்தி எனக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது" என்றார். சர்ச் பெரியவர், "குழுவோட அதிகாரம் அந்த ரூமோட முடிஞ்சுடுது" என்று ஒத்து ஊதினார். கோயில் பெரியவர் மனைவியைப் பார்த்துவிட்டு, "ஒரு நாற்காலியாவது போடுங்க. முட்டி வலி இருக்கறவங்க வாளியில எப்படி உக்காருவாங்க?" என்றார்.

துடைப்பங்கள் படிக்கட்டுக்கு அடியில் போயின. அறைக்கு வெள்ளையடித்தார்கள். விசில்தான் பக்கத்தில் நின்று வேலை வாங்கினார். சாவிக்கொத்தை அவரே கொண்டுவந்து கொடுத்து, "தொலைச்சுடாதே" என்று மட்டும் சொன்னார். நாற்காலியும் வந்தது. ஆனால் பாதிப் பேர் இன்னும் வாளியில்தான் உட்காருகிறார்கள். அறைக்குப் பெயர் வைக்க மூன்று முறை கூட்டம் போட்டும் முடிவாகாததால், கதவில் 'துப்புரவுப் பொருட்கள்' என்ற பழைய எழுத்தே இருக்கிறது.

இரண்டு மாதம் முன்பு தூசி தட்டும்போது அக்காவின் கை பட்டு மண் பெண் கீழே விழுந்து, நீட்டிய கை முழங்கையோடு உடைந்துவிட்டது. அக்கா அவளைத் துண்டில் ஏந்திக்கொண்டு, மூச்சு வாங்க, இரண்டாவது மாடியில் இருக்கும் எலும்பு முறிவுப் பிரிவுக்கு ஓடினார். நானும் கவுண்டரை மூடிவிட்டுப் பின்னாலேயே போனேன். கட்டுப் போடும் தம்பி, வரிசையில் இருந்த இரண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சின்னதாக மாவு குழைத்து, விரல் அகலத் துணியைச் சுற்றி, மனுஷருக்குப் போடுவது போலவே அளவெடுத்து மாவுக்கட்டுப் போட்டுக் கொடுத்தார். கையைத் தாங்கக் கழுத்தில் தூளிகூடக் கட்டினார். "ஆறு வாரம் அசைக்காம பாத்துக்குங்க" என்றார், சிரிக்காமல்.

ஆறு வாரம் கழித்து அந்தத் தம்பியே கத்தரிக்கோலோடு மேலே வந்தார், கட்டைப் பிரித்து ஒட்டிக் கொடுக்கிறேன் என்று. கைகால் முறிந்தவர்கள் நாலைந்து பேர் அதற்குள் அந்த அறைக்குப் புதிதாக வரத் தொடங்கியிருந்தார்கள். அன்றைக்கும் ஒருவர், தன் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

அக்கா தம்பியின் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கித் தட்டின் மேல் வைத்தார்.

"இருக்கட்டும் தம்பி. இப்படியே நல்லாத்தான் இருக்கா" என்றார்.