தவக்காலத்தில் சண்டை இல்லை

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் மாலை ஞானசேகரும் அவர் மகள் ஜெரினாவும் சேர்ந்து வீடியோ கேம் மிஷினை மூடினார்கள். வருடா வருடம் நடக்கிற வேலைதான். மின்சாரத்தை நிறுத்திப் பின்கதவைத் திறந்து, பெயிண்ட் பிரஷால் தூசு தட்ட வேண்டும். பொத்தான்களுக்கு அடியில் உள்ள சிறு சுவிட்சுகளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். பிறகு பழைய ஊதாப் போர்வையைப் போர்த்திக் கயிற்றால் கட்ட வேண்டும்.

ஜெரினா கயிற்றைப் பிடித்தபடி கேட்டாள். "கடையே இல்ல. வெளையாட வர ஆளும் இல்ல. யாருக்காகப்பா மூடுறீக?"

"நான் ஒருத்தன் வெளையாடுறேன்ல."

"உங்க கூட நீங்களே சண்ட போடுறதும் பாவமா?"

"அதுதான் பெரிய பாவம். கயித்த இழுத்துப் புடி."

இழுத்துப் பிடித்தாள். அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. 1999, பிப்ரவரி.

ஞானசேகர் கல்லல் ஊர்க்காரர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் வழியில் ஒரு வீடியோ கேம் கூடம் இருந்தது. காசைப் போட்டு ஆளுக்கொரு ஹேண்டிலைப் பிடித்தால் திரையில் இரண்டு பேர் மோதுவார்கள். பக்கத்து ஹேண்டிலைப் பிடிப்பவன் சீனனாக இருக்கலாம், மலாய்க்காரனாக இருக்கலாம். பாஷை தேவையில்லை. அந்த ஊரில் அவரை யாரும் ஏவாத ஒரே இடம் அதுதான் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வருகிறவர்கள் டேப் ரிக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்த காலம். 1994-இல் அவர் ஒரு சண்டை விளையாட்டின் அசல் சர்க்யூட் போர்டையும் ஹேண்டில் பலகையையும் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார். மனைவி பவுலின் பெட்டி முழுவதையும் கலைத்துப் பார்த்தாள்.

"சங்கிலி வாங்கியாறேன்னீகளே, எங்க?"

"இந்தா இருக்குல்ல" என்று கம்பளிப் பொதியைக் காட்டினார்.

கடை போடச் செக்காலைப் பகுதியில் ஓர் அறை பிடித்தார். ஆசாரியை வைத்து மரப்பெட்டி செய்து, டிவி பொருத்தினார். பள்ளிக்கூடமும் கல்லூரியும் விட்டால் அறை கொள்ளாது. எதிராளி கிடைக்காதவனுக்கு அவரே இரண்டாவது ஹேண்டிலைப் பிடிப்பார். அசலை ஒருமுறை தொட்டவன் வேறெங்கும் போகமாட்டான் என்பது அவர் நம்பிக்கை. சிங்கப்பூரில் உழைத்ததை எல்லாம் அந்த நம்பிக்கையின் மேல்தான் வைத்திருந்தார்.

ஆனால் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தால் கடைக்குப் பூட்டு. வீட்டில் கறி கிடையாது, சினிமா கிடையாது. அதுபோலச் சண்டையும் கிடையாது. பங்குச் சாமியாரே சிரித்துவிட்டார்.

"அடிவாங்குறது பொம்மதானே, ஞானசேகர்?"

"பொம்மையோ ஆளோ, விழுந்தவன் விழுந்தவன்தானே சாமி."

1996-இல் அப்படி அவர் பூட்டியிருந்தபோது, எதிர் மாடியில் மாயக்கண்ணன் கடை திறந்தான். நான்கு டிவி, நான்கு டிவி கேம் பெட்டி. ஞானசேகரின் மிஷினில் இருந்த அதே சண்டை, அங்கே கேசட்டாக வந்திருந்தது. அவன் கடை திறந்த செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் ஜெரினா. அப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கே தொறங்கப்பா. எல்லாரும் அங்குட்டுப் போறாங்க."

"போகட்டும். ஈஸ்டர் முடிஞ்சு தொறப்போம். போனவன் வருவான்."

ஆனாலும் ஒரு நாள் மாடியேறிப் போய்ப் பார்த்தார். துறைமுகத்தில் நடக்கும் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. அசலில் சண்டைக்காரர்களுக்குப் பின்னால் மீன்கூடைக்காரிகள் கை தட்டி ஆடுவார்கள். இங்கே அவர்கள் சுவரில் ஒட்டிய படம்போல நின்றார்கள்.

"பின்னாடி நிக்கிற சனம் ஆடலையே, மாயக்கண்ணா?"

"சனத்த யாருண்ணே பாக்குறா? அடி விழுகுதா, இல்லையா?"

ஆண்டவருக்கென்று அவர் ஒதுக்கிய நாற்பது நாளை மாயக்கண்ணன் எடுத்துக்கொண்டான்.

ஈஸ்டர் முடிந்து கடை திறந்த அன்று சேவுகப்பெருமாள் வந்தான். கல்லூரி மாணவன். அந்த மிஷினில் அவனை அடிக்க ஆளில்லை என்று பேர் வாங்கியவன். கூட நாலைந்து பேர். ஹேண்டிலைப் பிடித்தான், மிஷினிடமே தோற்றான். மறுபடியும் தோற்றான்.

"என்னண்ணே, மிஷினு பழசாப் போச்சா? ஒரு அடியும் வெளங்கல."

"மிஷின் அப்படியேதான்டா இருக்கு. அங்க கட்டவெரலால தேச்சுப் பழகிட்ட. இங்க மணிக்கட்டுல சுத்தணும். ரெண்டு நாள் வா, கை தானா வந்துரும்."

சொன்னதோடு நின்றிருக்கலாம். பக்கத்து ஹேண்டிலைப் பிடித்து, சுற்றிக் காட்டுகிறேன் என்று அவனை அடித்தும் காட்டினார்.

சேவுகப்பெருமாள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். "ஓனரு கையில மட்டும் விழுகுது. உள்ள செட்டிங் வச்சிருக்காரு, மாப்ள!"

அறை முழுக்கச் சிரிப்பு. ஞானசேகர் மிஷினை நிறுத்தி, பின்கதவைத் திறந்தார். போர்டின் ஓரத்தில், எதிராளியாக நிற்கும் மிஷின் எவ்வளவு கடினமாக மோதவேண்டும் என்று வைக்கும் சிறு சுவிட்சுகள் இருந்தன.

"வாடா, வந்து பாரு. எந்தப் பக்கம் தள்ளி வச்சிருக்குன்னு நீயே பாரு."

"விடுங்கண்ணே, சும்மா சொன்னேன்" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து மாடியேறினான். கூட வந்தவர்களும் போனார்கள்.

குனிந்து பார்த்தவள் ஜெரினா ஒருத்திதான். சுவிட்சுகள் எல்லாவற்றிலும் எளிதான நிலையில் இருந்தன. காசு சீக்கிரம் விழ, தொழில் தெரிந்தவன் எவனும் கடினத்தில்தான் வைப்பான்.

அடுத்த வருடம் அறையைக் காலி செய்தார்கள். மிஷின் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. ஞானசேகர் ஒயரிங் வேலைக்குப் போனார். வேலை விட்டு வந்து, கைக்கு ஒரு ஹேண்டிலாகப் பிடித்து விளையாடினார். மீன்கூடைக்காரிகள் அவர் ஒருவருக்காக ஆடினார்கள்.

மிஷினை மூடிய அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் பேட்டரியைப் பற்றிப் பேசினார். போர்டில் ஒரு சிறு பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாத நேரத்தில் விளையாட்டைத் திறக்கும் ரகசியக் குறியீட்டை, அதன் திறவுகோலை, அதுதான் காத்து வைத்திருக்கும். அது முழுக்கத் தீர்ந்தால் திறவுகோல் அழியும். போர்டு செத்த கட்டை. தீருவதற்கு முன் மாற்றவேண்டும். மதுரையில் ஒரு கடையில் கிடைக்கிறது என்று விசாரித்து வைத்திருந்தார்.

"நாளைக்கே போயி வாங்கியாந்துருங்களேன்" என்றாள் பவுலின்.

"நாளைக்குச் சாம்பல் புதன். மிஷின் சோலிய இனி ஈஸ்டர் முடிஞ்சுதான் தொடணும். அஞ்சு வருசம் நின்ன பேட்டரி நாப்பது நாள் நிக்காதா?"

தவக்காலத்தின் நான்காம் வாரம், வேலைக்குப் போன வீட்டில் ஏணியிலிருந்து இறங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. கோயம்புத்தூருக்கு வேலைக்குத் திரும்பியிருந்த ஜெரினா வந்து சேர்ந்தபோது சவப்பெட்டி வந்துவிட்டது.

மாயக்கண்ணன் ரோஜா மாலையோடு வந்தான். டிவி கேம்களை எல்லாம் அவனும் கடையிலிருந்து எடுத்துவிட்டான். இப்போது கம்ப்யூட்டர் சென்டர். "அண்ணன் தங்கமான மனுசன். தொழில்தான் தெரியாது" என்று யாரிடமோ சொன்னான். ஜெரினா காதில் விழும்படிதான் சொன்னான். சேவுகப்பெருமாளும் வந்தான். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவளிடம், "அந்த மிஷின் இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்து வந்து மிஷினை ஓட்டினாள். திரை முழுக்கப் பச்சை. வேறொன்றுமில்லை. மீட்டரை வைத்துப் பேட்டரியை அளந்தாள். முள் அசையவில்லை.

"புதுசு வாங்கிப் போட்டா வராதா?" என்றாள் பவுலின்.

"வராதும்மா. தீர்றதுக்கு முன்னாடி மாத்தியிருக்கணும்."

மறுநாள் திங்கட்கிழமை. முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போய்ப் பேட்டரி வாங்கிவருவதாக ஞானசேகர் சொல்லியிருந்த நாள்.