கடைசி சைக்கிளில் நாமக்கல் வரை

1. வரிசை

ஜமேதார் ஐயா வரிசையை வாசித்தபோது முதலில் வந்த பெயர் ஏகாம்பரம். என் பெயர் கடைசியில் வந்தது.

யுத்தத்தின் கடைசி வருஷங்கள் அவை. நான் பெங்களூரில் ஒரு பட்டாளத்தில் சைக்கிள் பிட்டராக இருந்தேன். லாரிக்குப் பெட்ரோல் கிடைப்பது கஷ்டமாகிவிட்டதால் தபால், மருந்து, சமையல் சாமான் என்று பாதி வேலை சைக்கிளில்தான் நடந்தது. பர்மாவிலிருந்து கை கால் இழந்து திரும்பிய சிப்பாய்களுக்கு நிதி திரட்ட வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாயிற்று. ஜமேதார் ஐயாவோடு எங்களில் ஒரு டஜன் பேர் சைக்கிளில் கிளம்பி ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் மலைப்பாதை வழியாகச் சேலம் இறங்கி, நாமக்கல் தாண்டித் திருச்சி வரை போக வேண்டும். வழியில் ஊர் ஊராக நின்று உண்டியல் குலுக்க வேண்டும். முன்னால் போகிறவன் சைக்கிளில் பட்டாளத்தின் கொடி இருக்கும். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும், யாரும் யாரையும் முந்தக்கூடாது.

ஏகாம்பரம் ஆத்தூர்க்காரன். பட்டாளத்தில் சேர்ந்தபோது அவனுக்குச் சைக்கிளில் ஏறவே தெரியாது. பரேட் மைதானத்தில் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி அவனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவன் நான். போன லீவில் ஊருக்குப் போனபோது, "கொடி கட்டிக்கிட்டு மொதல்ல வாரது நானாத்தான் இருக்கும்" என்று என் சம்சாரம் பாவாயியிடம் சொல்லிவிட்டு வேறு வந்திருந்தேன். எங்கள் ஊர் புதுச்சத்திரத்துக்குப் பக்கம். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டிலேயே இருக்கிறது.

பரேட் கலைந்ததும் ஜமேதார் ஐயாவிடம் போய் நின்றேன்.

"ஏனுங்கய்யா, சேலத்துக்கு அந்தப்பக்கம் எனக்குத் தெரிஞ்ச ரோடுங்க. நான் முன்னாடி போனா யாரையும் வழி கேக்க வேண்டியதில்லீங்க."

"இருக்கிறதே ஒரு ரோடு. இதுல வழி கேக்க என்னடா இருக்கு? ஏகாம்பரம் ஆறடி ஒசரம். அவன் கொடியோட வந்தா தூரத்துலயே தெரியும். நீ கடைசியில வந்தாத்தான் எவன் வண்டி மக்கர் பண்ணாலும் நின்னு சரி பண்ண முடியும்."

அவர் சொன்ன காரணம் சரியானது. சரியாக இருந்ததால்தான் இன்னும் எரிந்தது. அநியாயமாக இருந்திருந்தால் யாரிடமாவது சொல்லிப் புலம்பியிருக்கலாம்.

2. புழுதி

கடைசி சைக்கிள் என்றால் என்ன என்பதை இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். அப்போது பல இடங்களில் தார் ரோடு கிடையாது. முன்னால் போகிற அத்தனை சக்கரமும் கிளப்பிய புழுதி கடைசி ஆளின் வாய்க்குத்தான் வரும். என் கேரியரில் ஸ்பேனர் பை, பம்ப், டியூப்புகள், சொலூஷன் டப்பா. மற்றவர்களுக்கு ஒரு போர்வைச் சுருட்டு மட்டும்தான்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். மாலைதான் தாங்க முடியவில்லை. எந்த ஊரில் நுழைந்தாலும் முதல் சைக்கிளுக்கு மாலை. ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ரோட்டோரம் நின்று சல்யூட் அடித்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் கையை இறக்கிவிட்டுப் பாதிப்பேர் வகுப்புக்குள் போய்விட்டார்கள். கிருஷ்ணகிரியில் ஒரு மண்டிக்காரர் கூடையில் மாம்பழம் வைத்துக்கொண்டு நின்றார். ஏகாம்பரம் கையில் இரண்டு பெரிய பழம் கொடுத்து, தோளில் தட்டி, "உங்க தயவுலதான் நாங்க நிம்மதியாத் தூங்கறோம்" என்றார். என் முறை வந்தபோது கூடையில் வைக்கோல்தான் இருந்தது. ஏகாம்பரம் ஒரு பழத்தை என்னிடம் நீட்டினான்.

"நீயே சாப்பிடு" என்றேன்.

"எனக்கு ஒண்ணு போதும்பா."

"எனக்கு வேண்டாம்."

அவன் நல்லவனாக இருந்தது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. மாலையைப் போட்டதும் உடனே கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டிக்கொள்வான். கூட்டத்தைப் பார்த்து நெளிவான். அந்த அடக்கத்தைப் பார்த்து ஜனங்களுக்கு அவனை இன்னும் பிடித்துப்போகும். கழுத்தில் மாலையோடு மார்பை நிமிர்த்தி நின்றிருந்தானானால் எனக்கு மனதாரத் திட்டவாவது ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும்.

3. தொப்பூர் இறக்கம்

தொப்பூரில் இரண்டு பக்கமும் மலை. ரோடு வளைந்து வளைந்து இறங்கும். எங்களுடையது கனமான பட்டாளத்து சைக்கிள், ராட் பிரேக். இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தால் கட்டை தேய்ந்து கருகும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பும்போதே எல்லோருக்கும் சொல்லியிருந்தேன்.

பாதி இறக்கத்தில் ஒரு வளைவுக்கு அந்தப்பக்கம் ஆடுகள் ரோட்டின் குறுக்கே வந்துவிட்டன. ஒரு பக்கம் பள்ளம். ஏகாம்பரம் வண்டியை மலைப்பக்கமாக ஒடித்தான். பாறையில் மோதிக் கீழே விழுந்தான். பின்னால் வந்தவர்கள் எப்படியோ நின்றார்கள். ஆடு ஒன்றுக்கும் அடியில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் ரோட்டோரம் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். முன் சக்கரம் முறுக்கிக்கொண்டு, அதைப் பிடித்திருக்கும் கவைக்கம்பிகளுக்கு நடுவே சுற்றவே இல்லை. ஜமேதார் ஐயா, "வண்டி தேறுமா பாரு" என்றார்.

சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெண்டு எடுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு ஸ்போக்காக இறுக்கியும் தளர்த்தியும் வளைந்த ரிம்மை நேராகக் கொண்டுவருவதற்குத்தான் பெண்டு எடுப்பது என்று பேர். பொறுமை வேண்டிய வேலை. ஏகாம்பரம் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"கருப்பண்ணா, நான் விழுந்ததுல உனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தானே?"

நான் ஸ்போக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா" என்றேன்.

"நெனச்சேன்" என்று சொல்லிச் சிரித்தான். முழங்கால் வலியில் சிரிப்பு பாதியில் நின்றது. "சக்கரம் ஓடுமா?"

"நான் எடுத்த பெண்டு. ஓடும்."

ஓடியது. வீங்கிய காலோடு அன்று ஓமலூர் தாண்டிச் சேலம் வரை அவனே முன்னால் வந்தான். மாலையும் அவனுக்கே விழுந்தது.

4. காற்று

சேலத்தில் அஸ்தம்பட்டியில் ஒரு பங்களாத் தோட்டத்தில் தங்கினோம். காலையில் ஏகாம்பரத்தின் முழங்கால் இளநீர்க்காய் அளவுக்கு இருந்தது. பார்த்த டாக்டர், ஓட்டலாம், ஆனால் அழுத்தி மிதிக்கக்கூடாது என்றார். ஜமேதார் ஐயா கொடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"உங்க ஊர்ப்பக்கம்தானே. நீயே போ. அவன் கடைசியில வரட்டும்."

சட்டைப் பித்தானை எல்லாம் எச்சில் தொட்டுத் துடைத்தேன். மீசையை ஒதுக்கினேன். செவ்வாய்ப்பேட்டை வழியாகப் போனபோது கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். ஒரு ஜவுளிக்கடை முதலாளி எனக்குச் சம்பங்கி மாலை போட்டார். அந்த வாசனையில் மிதந்துகொண்டு ஊரைத் தாண்டினேன். மல்லூர் வரைக்கும் அந்த மிதப்பு இருந்தது.

அப்போது ஆடி மாசம். மல்லூர் மலை மறைப்பைத் தாண்டியதும் மேல்காற்று நேரே முகத்தில் அடித்தது. அந்தக் காற்று எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்தான், ஆனால் அதற்கு எதிரே கொடி கட்டிய சைக்கிளை மிதித்ததில்லை. கொடி படபடவென்று அடித்துக்கொண்டு ஹாண்டில்பாரை ஒரு பக்கமாக இழுத்தது. மிதித்தால் வண்டி நகரவில்லை. இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்தவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு வருவது கேட்டது. அத்தனை நாளும் கடைசி சைக்கிளில் நானும் அப்படித்தான் வந்திருக்கிறேன். எனக்குப் புழுதிதான் வந்தது. காற்று முழுவதையும் ஏகாம்பரம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். ஓசூர் மேட்டிலும் கிருஷ்ணகிரி மேட்டிலும் அவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தான்.

"நிமிந்து ஓட்டாதப்பா. தலையக் குனிஞ்சுக்கோ. கொடிக் கம்பத்தப் பின்பக்கமாச் சாய்ச்சுக் கட்டு."

"எனக்குத் தெரியும்" என்றேன். அவன் போனதும் சாய்த்துக் கட்டினேன்.

புதுச்சத்திரத்தில் புளியமரத்தடியில் எங்கள் ஊர் ஜனம் நின்றது. ஆத்தாவும் பாவாயியும் முன்னாலேயே இருந்தார்கள். ஆத்தா கையில் ஒரு மாலை. நான் குனிந்த தலையோடு, முகமெல்லாம் புழுதி அப்பி, வியர்வை கோடு கோடாக இறங்க, அவர்களைத் தாண்டி வந்து நின்றேன். ஆத்தா என்னைப் பார்க்கவே இல்லை. அவள் கண் வரிசையில் வந்த ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே போய்க் கடைசியில் வந்த ஏகாம்பரத்தின் கட்டுப்போட்ட காலில் நின்றது. காயம்பட்ட சிப்பாய்களுக்கு நிதி என்று கேள்விப்பட்டிருந்தாள். இவன்தான் அந்தச் சிப்பாய் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏஞ்சாமி, இந்தக் காலோடயா மிதிச்சுக்கிட்டு வார? பெத்தவ பாத்தா வவுறு தாங்குமா?"

மாலை அவன் கழுத்தில் விழுந்தது. சொம்பிலிருந்த மோரும் அவன் கைக்குப் போனது.

"ஆத்தா, உங்க மவன் அதோ முன்னால நிக்கறாரு" என்று அவன் கை காட்டினான்.

பாவாயி திரும்பிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "நீங்களா அது? ஆரோ கெழவனாட்ட மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறாங்கன்னு நெனச்சேனுங்க."

முன்னால் போனால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நினைத்தவன் நான். அன்று முன்னால்தான் போனேன். என் சொந்த ஊரில், என்னைப் பெற்றவள் கையால் கட்டிய மாலை அவனுக்குப் போனது. புதுச்சத்திரத்திலிருந்து நாமக்கல் வரை எனக்குக் காற்று தெரியவில்லை. வயிற்றெரிச்சலிலேயே மிதித்துப் போய்விட்டேன்.

5. மைதானம்

மறுநாள் காலை நாமக்கல் கோட்டை மலைக்குக் கீழே மைதானத்தில் எங்களுக்கு வரவேற்பு. பெரிய மனிதர்கள் பேசினார்கள். உண்டியல் சுற்றி வந்தது. எல்லாம் முடிந்து கிளம்ப வண்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கவட்டுக் கட்டையை ஊன்றி ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். இடது கால் முழங்காலுக்கு மேலேயே இல்லை. பெயர் சென்னியப்பன் என்றார். பர்மாவில் சைக்கிளில் தபால் கொண்டுபோகும் சிப்பாயாக இருந்தவர். இப்போது நாமக்கல்லில் அக்காள் வீட்டில் இருக்கிறார்.

என் சைக்கிளின் சீட்டைத் தடவினார். மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார்.

"நேத்து நீங்க வரிசையா வாரதப் பாத்துக்கிட்டு இருந்தேனுங்க" என்றார். "தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு வவுறு எரிஞ்சுதுங்க. கொடியோட மொதல்ல வந்தவரப் பாத்து மட்டுமில்லீங்க. கடைசியில நொண்டிக்கிட்டு வந்தாரே ஒருத்தர், அவரப் பாத்தும்."

ஏகாம்பரம் பக்கத்தில்தான் நின்றான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஏறறீங்களா?" என்று கேட்டேன்.

"எப்படிங்க? ஒத்தக் காலு கீழ மிதிச்சாச் செரி. மேல வாரதுக்கு?"

ஒற்றைக் காலால் மிதிக்கிறவன் அதே காலால் பெடலை மேலே தூக்கவும் வேண்டும். இடது பெடலைக் கழற்றினேன். அவரைச் சீட்டில் ஏற்றி ஏகாம்பரம் பிடித்துக்கொண்டான். என் இடுப்பு பெல்ட்டை உருவி அவருடைய வலது பாதத்தைப் பெடலோடு சேர்த்துக் கட்டினேன். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினோம்.

முதல் தடவை பத்தடி போவதற்குள் சாய்ந்துவிட்டார். தாங்கிக்கொண்டோம். இரண்டாம் தடவை கால் மேலே வரும்போது வண்டி தயங்கியது. "இழுங்க, மேல இழுங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். மூன்றாம் தடவை பிடி கிடைத்துவிட்டது.

"கைய உடுங்க" என்றார்.

ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். இருவரும் விட்டோம்.

மைதானத்தைச் சுற்றிப் போனார். வண்டி ஒரு மிதிக்கு முன்னே பாயும், ஒரு மிதிக்குத் தயங்கும். கூட்டம் விலகி வழி விட்டது. நிறுத்திக் கால் ஊன்ற அவரால் முடியாது என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் நாங்கள் கையை நீட்டிக்கொண்டு தயாராக நின்றோம். ஒவ்வொரு தடவையும் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். கிளம்ப நேரமாகிவிட்டது என்று சொல்ல வந்த ஜமேதார் ஐயா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓட்டட்டும்" என்றார்.

கடைசியில் நாங்கள் பிடித்து இறக்கியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. பெல்ட்டை அவிழ்த்து என்னிடம் நீட்டினார்.

"வெச்சுக்கங்க. எங்கியாச்சும் சைக்கிள் கெடச்சா வேணுமில்லீங்களா" என்றேன். பெல்ட்டைத் தொலைத்ததற்குத் திருச்சியில் எனக்குத் தண்டனைப் பரேட் கிடைத்தது.

கிளம்பும்போது கொடி மறுபடி ஏகாம்பரத்துக்கே போனது. அவன் முழங்கால் வீக்கம் வற்றியிருந்தது. எனக்குப் பழையபடி சுருக்கென்றது. சென்னியப்பனைப் பார்த்ததோடு என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். முசிறியில் அவனுக்கு விழுந்த மாலைகளையும் நான் கவனித்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் மோகனூர் பிரிவில் எதிர்காற்று ஆரம்பித்தபோது நானாகவே ஜமேதார் ஐயாவிடம் கேட்டு, கொடியை அவனிடமே விட்டுவிட்டு, கொஞ்ச தூரம் அவனுக்கு முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டேன்.

தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். பக்கத்தில் வேலை செய்கிறவனைப் பார்த்து வயிறு எரியத்தான் செய்யும். எரிந்தால் எரியட்டும். அவன் சக்கரம் உங்கள் மடிக்கு வரும்போது பெண்டை ஒழுங்காக எடுத்துக் கொடுங்கள்.