அங்கியின் சிவப்பு

சோப்பு ஆலையை மூடியபோது ரெயின்ஹில்டாவுக்கு ஐம்பது வயது. அதன் பரிசோதனைக்கூடத்தைத் தவிர வேறெங்கும் வேலை பார்த்ததில்லை. மெஹலன் நகரில், சுவரில் மாட்டும் பழைய சித்திரக் கம்பளங்களைச் செப்பனிடும் கூடத்தில் வேதியியலாளர் தேவை என்றதும் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் கம்பளம் அவளிடம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நகல் என்று நிபுணர் ஒருவர் சொல்லிவிட, அதைக் கழற்றிச் சுருட்டி மூலையில் போட்டிருந்தார்கள். தேவாலய நிர்வாகி ஓடிலோன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"இதுல நெஞ்சிருக்கற ராஜாவோட அங்கியப் பாருங்கம்மா. நகல்ல இப்படி ஒரு சிவப்பு வருமா? ஆனா நூல வெட்டுறதுக்கு மட்டும் விடமாட்டேன்."

தானாக உதிர்ந்த தூசியளவு இழைதான் அவளுக்குக் கிடைத்தது. அதில் லேசரைப் பாய்ச்சினாள். ஒவ்வொரு சாயத்தின் மூலக்கூறும் ஒளியைத் தனக்கே உரிய விதத்தில் சிதறடிக்கும். அதை வைத்து இன்ன சாயம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சிதறல் மிக மங்கல். சாயம் லேசர் பட்டதும் தானே ஒளிர்ந்து அதையும் விழுங்கிவிட்டது.

வெள்ளிதான் வழி. மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் நெருங்கி நிற்கும் இடுக்குகளில் ஒளி குவியும். அங்கே சிக்கிய மூலக்கூறின் சிதறல் லட்சக்கணக்கான மடங்கு பெருகும், சாயத்தின் ஒளிர்வும் அடங்கும். ஆனால் அவள் காய்ச்சிய வெள்ளிக் கரைசல் ஒவ்வொரு முறையும் திரிந்து அடியில் படிந்தது.

"இன்னைக்கும் சாம்பக் கஞ்சியா?" என்றான் பக்கத்து மேசை வான்னஸ். "நீ பேசாம சோப்பே காய்ச்சியிருக்கலாம்."

அவள் கை நின்றது. குடுவையைக் கழுவிய சோப்பு கண்ணாடியில் லேசாகப் படிந்திருக்கும்; அதுதான் வெள்ளியைத் திரியவைக்கிறது. அது அவளுக்குத் தெரியாததா?

"வாய்க்குச் சர்க்கரைதான் போடணும் உனக்கு," என்று எழுந்தாள்.

குடுவைகளை அமிலத்தில் ஊறவைத்து மறுபடி காய்ச்சினாள். கரைசல் இளமஞ்சளாக, திரியாமல் நின்றது. இழைமேல் ஒரு சொட்டு விட்டு, துகள்கள் நெருங்கிச் சேர உப்புநீர் கொஞ்சம் கலந்து, லேசரைத் திறந்தாள். கணினியில் ஊசி ஊசியாக முகடுகள் எழுந்தன.

ஓக் மரத்துப் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பு. பதினாறாம் நூற்றாண்டில் மெக்சிகோச் சிவப்பு கப்பலில் வந்திறங்கிய பிறகு நெசவாளர்கள் கைகழுவிய சாயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைத் தேடிப்பிடித்து நகல் நெய்ய யாருக்கும் அவசியம் இருந்திருக்காது. கம்பளத்தின் வேறு இடங்களில் உதிர்ந்த சிவப்பு இழைகளும் அதையே சொல்லின.

நிபுணர் மறுபடி வந்தார். நெசவையும் முகடுகளையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நான்தான் தப்பா சொல்லிட்டேன்," என்று கை கொடுத்தார்.

கம்பளத்தைப் பழையபடி மாட்டிய ஞாயிறன்று தேவாலயத்தில் நிற்க இடமில்லை. வாசலில் ஓடிலோன் வந்தவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி, "நான் அப்பவே சொன்னேன்ல," என்று மார்தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ரெயின்ஹில்டா முதல் வரிசையில், ராஜாவின் அங்கிக்கு நேர் எதிரே, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.