அது சீந்தாத பிள்ளை

தம்பிக்கு ஐந்து வயது வரை நாங்கள் இருவருமே பெண்பிள்ளைகள். நான் அப்படித்தான் நம்பினேன். அவனும்தான். எனக்குச் சிறுத்துப்போன பாவாடை அவனுக்கு, மூக்கில் பொட்டுத் தங்கம், எண்ணெய் வழிய ரெட்டைப் பின்னல். நான் பெரிய பாப்பா, அவன் சின்ன பாப்பா. உடம்பில் இருந்த வித்தியாசம் தெரியும். மச்சம் மாதிரி, ஒருத்தருக்கு இருக்கும், ஒருத்தருக்கு இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் சமயம் கோயிலில் அவனுக்கு மொட்டை போட்டு மூக்குத்தியைக் கழற்றினார்கள். பேன் தொல்லை என்று எனக்கும் கூடவே மழித்தார்கள். மறுநாள் அவனுக்கு அரியலூரில் வாங்கிய காக்கி டவுசர். அழுது புரண்டான். ஏன் இதெல்லாம் என்று கடலை உரித்துக்கொண்டிருந்த அத்தையிடம் கேட்டேன். எங்களுக்கு முன் பிறந்து பால்குடியிலேயே செத்துப்போன இரண்டு அண்ணன்களைப் பற்றி அப்போதுதான் சொன்னாள்.

"ஆம்பளப் புள்ளன்னு தெரிஞ்சா அது தூக்கிட்டுப் போயிடும்டி. அதான் பாவாடயக் கட்டி ஏமாத்தி வெச்சிருந்தோம்."

"அப்ப என்னய?"

"ஒன்னய எது சீந்தப் போவுது, போடி." சிரித்துக்கொண்டே அடுத்த கடலையை உடைத்தாள்.

தம்பியும் கதவோரம் நின்று கேட்டிருக்கிறான். டவுசரைக் கழற்றி எறிந்துவிட்டு, என் பாவாடையைக் கட்டிவிடச் சொன்னான். கட்டிவிட்டேன். அதற்குள் சுருண்டு தூங்கிப்போனான்.

நான் டவுசரை எடுத்து மாட்டிக்கொண்டேன். சட்டை போடவில்லை. உச்சி வெயிலில், ஊர்க்கோடியில் சுண்ணாம்புக்கல் வெட்டிப்போட்ட பள்ளத்துக்கு நடந்தேன். அண்ணன்களைப் புதைத்தது அந்தப் பக்கம்தான் என்று அத்தை சொல்லியிருந்தாள். கண் கூசும் வெள்ளை. ஒரு காக்கை கூட இல்லை. அது என்னைத் திரும்பிப் பார்க்குமா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவள் மொட்டைத் தலையையும் டவுசரையும் தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"சாமி, அங்க போவாத. எங்கிட்ட வந்துரு சாமி."

அப்படி ஒரு குரலை நான் அதுவரை கேட்டதில்லை. திரும்பாமல் நின்றேன். ஓடிவந்து என்னை அள்ளி நெஞ்சோடு சேர்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"நீதானா," என்று மூச்சு விட்டாள். கை தளர்ந்தது. உடனே தம்பியைத் தேடி வீட்டுப் பக்கம் ஓடினாள். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் என்னைத் தனியாக விட்டுப்போக அவளுக்குப் பயமே இல்லை.