முப்பத்து மூன்று காஜா

போன மாதம் எங்கள் மாதா கோயில் திருவிழாவில் பங்குச் சாமியாரின் அங்கி ஊர் முன்னால் கிழிந்தது. காரணம் — நான்.

சாமியார் வேறு யாருமில்லை, என் அண்ணன்தான். திருவிழாவுக்குப் புது அங்கி வேண்டும் என்றார். நான் அப்போதுதான் ஆட்டோமேட்டிக் தையல் மெஷின் வாங்கியிருந்தேன். பட்டனை ஒரு பக்கம் செருகினால் போதும், அளவெடுத்துத் தானே பட்டன் ஓட்டைக்குக் காஜா போட்டுவிடும். விடுவேனா?

"டெய்லர்கிட்டயே குடுத்துடுறேன்மா" என்று அண்ணன் கெஞ்சினார்.

"ஏன், எங்கிட்ட என்னா கொறச்சல்?"

கழுத்திலிருந்து கால் வரை முப்பத்து மூன்று பட்டன். இயேசு வாழ்ந்த வருஷத்துக்கு ஒன்றாம். ஒரே மதியத்தில் அத்தனை காஜாவையும் ஓட்டி முடித்தேன். துணி விறைப்பாக நிற்க உள்ளே கேன்வாஸ் வைக்க வேண்டுமாமே... வைக்கவில்லை. பிளேடால் ஓட்டையைக் கீறும்போது பாதி காஜாவில் முனைத் தையலும் சேர்ந்து அறுந்தது. யார் கவனிக்கப் போகிறார்கள்?

கொடியேற்றம். அண்ணன் இரண்டு கையையும் உயர்த்திக் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பில் நெஞ்சுப் பட்டன் கழன்றது. அடுத்த இழுப்பில் அதற்குக் கீழே ஐந்து காஜா வரிசையாகக் கிழிந்தன. உள்ளே — நீல ஃபுட்பால் ஜெர்சி. பத்தாம் நம்பர்.

பக்கத்தில் நின்ற, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் "மோன் தியே" என்று கடவுளைப் பிரெஞ்சிலேயே கூப்பிட்டார். அண்ணன் கயிற்றை விடவில்லை. விட்டால் கொடி இறங்கிவிடுமே. மைக்கில் நிதானமாகச் சொன்னார்: "இத தச்சது என் தங்கச்சி. அவளுக்காகவும் வேண்டிக்குங்க."

மொத்தக் கூட்டமும் சிரித்தது. நான் வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு, மெஷினோடு வந்த புத்தகத்தை முதன்முறையாகத் திறந்தேன்.

கிழிந்த அங்கியில் காஜா வரும் முன்பட்டியைப் பிரித்துப் புதிதாக வைத்தேன். உள்ளே கேன்வாஸ். ஒவ்வொரு காஜாவுக்கும் இரண்டு சுற்றுத் தையல். கீறும் முன் முனையில் குண்டூசி குத்தினேன், பிளேடு எல்லை தாண்டாமல் இருக்க. இழுத்துப் பார்த்தேன்... அசையவில்லை.

வெளியே தெரிகிற தையலுக்குத்தான் நாம் எல்லோரும் மெனக்கெடுகிறோம். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை என்பது கை தூக்கும்போதுதான் தெரிகிறது. சரிதானே?

ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடமிருந்து போன்.

"பட்டன் போடவே அரை மணி ஆச்சு. இப்ப கழட்ட வரல. ஒரு வீட்டுக்கு சாப்பிடப் போவணும், என்னா பண்றது?"

இரண்டு சுற்றுத் தைத்ததில் ஓட்டை சுருங்கிவிட்டது போலிருக்கிறது.

"கிழிஞ்சுதா அண்ணே?"

"கிழியல."

"அப்ப அப்படியே போங்க."

கிழியாத அங்கி கேட்டார், கொடுத்துவிட்டேன். வெளியே வருவது அவர் பாடு.